இரண்டாவது ஆள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், இடது கண்ணைத் தவிர. நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கண் டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். பிப்ரவரி 9, காலை பதினோரு மணி. புரை முற்றிவிட்டதாம், இனிமேல் தள்ளிப்போட முடியாதாம். அரை மணி நேர வேலைதான், மறுநாள் கட்டை அவிழ்த்துவிடுவோம் என்கிறார். அதனால் நீ வரவேண்டாம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதினான்கு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து என் கண்கட்டைப் பார்த்துவிட்டுப் போவதில் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா துணைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.

ஐந்து நாள் விடுப்பு கேட்ட கதையைக் கேள். பதிவறையில் இருபத்தாறு வருஷமாக மற்றவர்களின் விடுப்பு விண்ணப்பங்களை அடுக்கி வைத்தவள் நான். எனக்கென்று கேட்டதும் மூன்று முறை எழுதி வாங்கினார்கள். "எந்தக் கண்?" என்று மேலாளரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. "இடது" என்று எழுதி அனுப்பினேன். "வலது கண்ணைக் கொண்டு பணிக்கு வர இயலுமா?" என்று மறு குறிப்பு. மருத்துவச் சான்றிதழை வைத்த பிறகுதான் விட்டார்கள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. அவர்களிடம் நான் எதையும் எதிர்பார்த்து ரொம்ப நாளாகிறது.

சின்னவளுக்கு என் முத்தம். கடிதம் போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் மூவரும் நலம். உன் வலது கண்ணையும் கேட்டதாகச் சொல்.

வரவேண்டாம் என்று எழுதிவிட்டாய். டிக்கெட் எடுத்தாயிற்று. எட்டாம் தேதி காலை வந்து இறங்குகிறேன், பதினொன்றாம் தேதி வரை இருப்பேன். மாமா இருந்திருந்தால் சரி, தையல்காரம்மாவை நம்பி உன்னை மேஜையில் படுக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.

உன் ஆபீஸ் கதையைப் படித்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் கம்பெனியைப் பார். என் விடுப்பெல்லாம் சின்னவளின் காய்ச்சலோடு தீர்ந்துபோயிற்று. சூப்பர்வைசர் முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். "அக்காவுக்குக் கண் ஆபரேஷன்னா போகாம இருப்பியா? லீவெல்லாம் எழுத வேணாம். எட்டுலேருந்து பதினொண்ணு வரைக்கும் இப்பவே கையெழுத்து போட்டுட்டுக் கிளம்பு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான், பதிவேட்டில் நான்கு நாளுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு எங்கள் வேலை தெரியாது, சொல்கிறேன். லிஃப்ட் பழுதுபார்க்க எப்போதும் இரண்டு பேர். ஒருவன் லிஃப்டின் கூரைமேல் ஏறியோ அடியிலுள்ள குழியில் இறங்கியோ வேலை செய்வான். மற்றவன் மொட்டை மாடி மெஷின் ரூமில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறு யாரும் அதைத் தொடாதபடி பக்கத்திலேயே நிற்பான். இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் வேலை கணக்கில் வரும். ஒன்பது வருஷமாக நானும் ரேடியோவும் ஜோடி. ரேடியோ என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். உள்ளே இறங்கிவிட்டால் வாய் ஓயாது. மேலே நிற்பவனுக்குத் தான் உயிரோடு இருப்பது தெரிய வேண்டுமாம், அதற்காக ஊர்வம்பு முழுவதையும் பேசுவான். அந்த நான்கு நாளும் என் இடத்துக்கு வேறு ஆள் தருவதாக சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கம்பெனி என்னைக் கைவிடாது அக்கா. அதை நினைத்தால் நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. நீயோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறாய், அவர்கள் எந்தக் கண் என்று கேட்கிறார்கள்.

நேரில் பேசுவோம்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி. கண் நன்றாக இருக்கிறது. நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

நீ வந்தது நல்லது என்று ஒப்புக்கொள்ளக் கை வரவில்லை, ஆனாலும் நல்லதுதான். ஒன்பதாம் தேதி என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது வெளியே பெஞ்சில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்பதே போதுமாக இருந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது உன் சட்டைக் காலரின் அழுக்கு. நர்ஸம்மாவிடம் பார்வை வந்துவிட்டது என்று சொன்னேன்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு உனக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வந்தபோது உன் முகமே சரியில்லை. "வேலை, அக்கா" என்று சொல்லிவிட்டு ஒரு நாள் முன்னதாகவே ரயிலைப் பிடித்தாய். என்ன வேலை என்று நீ சொல்லவில்லை. எழுது.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறேன். ஆபீஸுக்கும் போகத் தொடங்கிவிட்டேன். உன் ஜனவரிக் கடிதத்தில் 'வரப்பெற்றது' முத்திரை குத்தி, உறையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். சிரிக்காதே, பழக்கதோஷம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை.

என் கடிதம் போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று வரி எழுதினால் போதும். எழுதப் பிடிக்காவிட்டால் சின்னவளை எழுதச் சொல், அவள் எழுத்துதான் உன் எழுத்தைவிட நன்றாக இருக்கும்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கண்ணைப் பார்த்துக்கொள்.

வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. ரேடியோவுக்கு வேலையில் அடிபட்டுவிட்டது. இடது கால். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, பழக்கூடை வைத்துவிட்டு, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சின்னவள் எந்த வகுப்பு என்றெல்லாம் விசாரித்தார். இத்தனை வருஷத்தில் அங்கே என் பேர் தெரிந்த ஆள் இருப்பதே எனக்குத் தெரியாது. நீ கவலைப்படாதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

ரேடியோவுக்கு அடிபட்டால் பழக்கூடை ஏன் உன் வீட்டுக்கு வருகிறது?

மென்று விழுங்காமல் இரண்டு விஷயத்தை எழுது. அடிபட்டது என்ன தேதி? அப்போது சுவிட்ச் பக்கத்தில் நின்றது யார்?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அடிபட்டது பிப்ரவரி 9, பதினோரு மணி வாக்கில். சுவிட்ச் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

சூப்பர்வைசர் சொன்ன வேறு ஆள் வரவில்லை. ரேடியோ கொஞ்ச நேரம் காத்துப் பார்த்திருக்கிறான். மாடிக்காரர்கள் அவசரப்படுத்தவே தானே சுவிட்சை அணைத்துவிட்டு, லிஃப்டின் கூரைமேல் இறங்கி, எண்ணெய் போட ஆரம்பித்திருக்கிறான். லிஃப்ட் ஏன் வரவில்லை என்று கீழே யாரோ சத்தம் போட, காவலாளி மேலே போய்ப் பார்த்து, ஆளில்லாததால் வேலை முடிந்துவிட்டது என்று சுவிட்சைப் போட்டுவிட்டான். லிஃப்ட் அரை மாடி ஏறியது. கால் உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. அன்றைக்கும் அவன் பேசிக்கொண்டேதான் இருந்தானாம். நான்காம் மாடி அம்மா ஒருத்தி கேட்டிருக்கிறாள், யாரோ போனில் பேசுகிறார்கள் என்று இருந்துவிட்டாளாம்.

அன்று முழுவதும் யாருக்கும் என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை. ஏட்டின்படி நான் அங்கேதானே இருந்தேன். மறுநாள்தான் சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

போன வாரம் தலைமை அலுவலகத்துக்குக் கார் அனுப்பி அழைத்தார்கள். டீ கொடுத்தார்கள். அதே அதிகாரி பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். "ரெக்கார்டு சுத்தமா இருக்கு. நீங்க அங்க இருந்தீங்க. வேலை முடிஞ்சுதுன்னு உள்ளேருந்து குரல் வந்துச்சு, சுவிட்சைப் போட்டீங்க. உங்க மேல என்ன தப்பு? கம்பெனி உங்க பின்னால நிக்கும்" என்றார். காவலாளியும் வேலைக்குப் பயந்து, சுவிட்சைத் தொடவே இல்லை என்று சாதிக்கிறான்.

நான் அப்படிச் சொன்னால் தப்பு ரேடியோ தலையில் விழும். சிகிச்சை, சம்பளம் இரண்டையும் நிறுத்திவிடுவார்கள். இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது, செய்யாவிட்டால் கால் போய்விடும். நான் இல்லை என்று சொன்னால் பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு என் வேலையும் போகும், சூப்பர்வைசர் வேலையும் போகும். அந்த மனிதர் செய்த ஒரே குற்றம் என்னை உன்னிடம் அனுப்பியதுதான்.

ரேடியோவைப் பார்க்கப் போனேன். விசாரணைக்காரர்களிடம் எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டானாம். எனக்காகத்தான். எப்போதும் பேசுகிறவன் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அக்காவுக்குக் கண் எப்படியிருக்கு?"

மே 18 அன்று தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை அக்கா.

தம்பி


ஏப்ரல் 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி.

கண்ணைப் பார்த்துக்கொள் என்று மார்ச்சில் எழுதியிருந்தாய். அதை எழுதும்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ வெளியே பெஞ்சில் இருக்கிறாய் என்று நான் நிம்மதியாகப் படுத்திருந்த அரை மணி நேரத்தில்தான் அது நடந்திருக்கிறது. வரவேண்டாம் என்று எழுதியவள் நான், அதனால் எனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. நீ வருவாய் என்று தெரிந்துதான் வரவேண்டாம் என்று எழுதினேன்.

உன் ஜனவரிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது: யார் அனுப்பினார், எந்த நான்கு நாள், முன்கூட்டியே போட்ட கையெழுத்து, வேறு ஆள் தருவதாகச் சொன்னது. உறையில் தபால் முத்திரை தெளிவாக இருக்கிறது, உள்ளே என் முத்திரையும் இருக்கிறது. ஒரு காகிதத்துக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம், என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன்.

இத்தனை வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டைக்கூட நான் கிழித்ததில்லை. இதைக் கிழித்துவிடு அக்கா என்று நீ கேட்டால் கிழித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதனால்தான் என்னிடம் வைத்துக்கொள்ளாமல் உனக்கே அனுப்புகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நீ செய்வதை நீதான் தினமும் சுமந்துகொண்டு வேலைக்குப் போக வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கம்பெனி உன் பின்னால் நிற்கிறது என்றாரே, ரேடியோ பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவரிடம் கேட்டாயா? அவனும் உன்னைப்போல ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன்தானே.

உன் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவளிடம் மறைத்துக்கொண்டு தூங்க முடியாது உன்னால்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அவள் நலம், சின்னவள் நலம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னித்துவிடு.

விசாரணை முடிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், நீ திருப்பி அனுப்பிய என் ஜனவரிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனாலும், அங்கே இருந்தீர்களா என்று கேட்டதும் "இருந்தேன்" என்றுதான் சொன்னேன். கம்பெனி அதிகாரி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன். "உள்ளேயிருந்து என்ன சொன்னார்? அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க" என்றார் தொழிலாளர் துறை அதிகாரி. 'வேலை முடிந்தது' என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா, ஒன்பது வருஷத்தில் ரேடியோ அப்படிச் சொன்னதே இல்லை. "ஏய், செத்துட்டியா மேல? பசிக்குது, வா போலாம்" என்பான். இல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரன் கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெளியே வந்து சொல்கிறேன் என்பான். அவன் குரலில் ஒரு பொய்யை வைத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. "நான் அங்க இல்ல சார்" என்றேன். கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

கம்பெனி அதிகாரி குடும்பக் கடிதம் செல்லாது என்று ஆரம்பித்தார். அதற்குள் பின்னால் இருந்து சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "அவன் சொல்றது சரி. அனுப்பினது நான், கையெழுத்து போடச் சொன்னதும் நான். வேற ஆள் வேணும்னு தலைமை அலுவலகத்துக்கு மூணு தடவை போன் பண்ணேன், தரல" என்றார். அப்படி ஒரு கோரிக்கை வந்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். பிறகு காவலாளியும் ஒப்புக்கொண்டான்.

ரேடியோவின் சிகிச்சையை முழுவதும் கம்பெனியே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்த ஆபரேஷன் வரும் பத்தாம் தேதி. கால் தப்பிவிடும் என்கிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

சூப்பர்வைசரை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'நிறுவனத்தின் கவனத்துக்கு வராமல் தனிநபர் எடுத்த முடிவு' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறேன். கம்பெனி கைவிடாது என்று நான் உனக்கு எழுதினேனே, அது அந்த ஒரு மனிதர்தான். வேறு யாரும் இல்லை. அவரை என் வாயாலேயே வெளியே அனுப்பிவிட்டேன். துக்கமாக இருக்கிறது அக்கா.

தம்பி


ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். இன்றைக்கு ரேடியோவுக்கு ஆபரேஷன், அதே நினைப்பாக இருக்கிறேன். முடிந்ததும் ஒரு கார்டு போடு.

சூப்பர்வைசர் போனதை எழுதியிருக்கிறாய், அவரைப் போய்ப் பார்த்தாயா என்று எழுதவில்லை. பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். போ. என்ன முகத்தோடு போவது என்று யோசிக்காதே, இருக்கிற முகத்தோடு போ. என் நமஸ்காரத்தையும் சொல்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். ரேடியோ கோல் ஊன்றி நடக்கிறான் என்று கார்டில் எழுதியிருந்தேனே, இப்போது நர்ஸம்மாக்களே கெஞ்சும் அளவுக்குப் பேச ஆரம்பித்துவிட்டான்.

சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் "உள்ள வா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதுல தப்பில்ல. எனக்கு எம்மேலதான் கோவம். ஆள் தரலைன்னதும் அன்னிக்கு வேலையை நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா ஏன்னு கேப்பாங்களேன்னு பயந்துட்டேன்" என்றார். உன் நமஸ்காரத்தைச் சொன்னேன். கண்ணை விசாரித்தார். இப்போது மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறார்.

ஜூலையில் அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். 'நேர்மைக்காக' என்று பூங்கொத்து கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள், பக்கத்தில் அந்தப் பழக்கூடை அதிகாரியே நின்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சூப்பர்வைசர்தான், நீ உட்காராவிட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவன் வருவான், பேசாமல் உட்கார் என்றார்.

நேற்று காலை ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக் ஓடி வந்தான். "அண்ணே, வீட்ல வலி எடுத்துடுச்சு. லீவு இல்ல. பேரை மட்டும் போட்டுக்குங்க" என்று அவனே பேனாவைத் திறந்து கொடுத்தான். நான் ஏட்டில் 'வரவில்லை' என்று எழுதினேன். அவன் முகம் விழுந்துவிட்டது. ஜனவரியில் நான் எதற்காகப் பெருமைப்பட்டேனோ, அது இனிமேல் கிடையாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஒரு நாள் சம்பளம் போகும், போகட்டும். போடா, சீக்கிரம் போ" என்று அனுப்பிவைத்தேன்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து ஆள் கேட்டேன். எழுதி அனுப்புங்கள் என்றார்கள். எழுதி, நகல் எடுத்து, ஆள் வசம் அனுப்பி, வாங்கியவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். உன் தம்பிதானே. பதில் வரவில்லை. ஒல்லி அன்று வேலை செய்யவேண்டிய எட்டு மாடிக் கட்டடத்துக்கு நானே போனேன், லிஃப்ட் பாதிப் பிரித்துக் கிடந்தது. சூப்பர்வைசர் ஜோடியாக நிற்க விதியில் இடமில்லை. ஒல்லியின் ஜோடியை உள்ளே இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 'லிஃப்ட் இன்று ஓடாது' என்று பலகை மாட்டினேன்.

மத்தியானம் போன் வந்தது. "யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார். ரெண்டாவது ஆள் இல்ல, நிறுத்திட்டேன்."

"இதுக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்காது."

"தெரியும் சார்" என்றேன். நாளைக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தால் எட்டாம் மாடி அம்மா ஒருத்தி, இரண்டு கையிலும் பைகளோடு, பலகையைப் படித்துக்கொண்டு நின்றாள். என் சட்டையில் கம்பெனி பேரைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, உங்க கம்பெனிக்கு மனுஷங்க மேல கொஞ்சமாவது அக்கறை இருக்கா?"

பைகளை வாங்கிக்கொண்டு எட்டு மாடியும் அவளோடு ஏறினேன்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி